மத்தியானத்தில் தட்டிய மரம்

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் இந்தக் கோதுமை ஊரில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். போன வாரம் பக்கத்து வயலில் ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். 'பொந்து காலி' என்றார்கள். அன்று சாயங்காலம் ஒரு காக்கட்டூக் கிளி ஜோடி, மரம் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. (காக்கட்டூ என்றால் வெள்ளை என்று நினைப்பவர்களுக்கு: இது கறுப்பு. வாலில் மட்டும் வெள்ளைப் பட்டை.)

2.
முதல் தொடக்கம்: 'அழகிய நவம்பர் நாள். கோதுமை பொன்னாக விளைந்து—' அடித்துவிட்டேன். அந்தப் பொன்னுக்காகத்தான் காடே போனது.

இரண்டாவது: நோலீன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இது இருக்கட்டும்.

அறுபது வயது நோலீனும் தம்பி கிளைவும் சேர்ந்து நடத்தும் பண்ணை. நடுவயலில் முந்நூறு வயது யூகலிப்டஸ். மருந்தடிக்கும் இயந்திரத்தின் நீண்ட கை அதில் இடிக்கிறதென்று, இன்று ஒருநாள் மட்டும் புல்டோசரை வாடகைக்கு எடுத்திருக்கிறான் கிளைவ்.

"தட்டிப் பாத்துட்டேன். ஒண்ணும் தலைய நீட்டல."

இங்கே வழக்கம் அது. அடிமரத்தைக் கம்பால் தட்டினால், பொந்தில் அடைகாக்கும் தாய்க் காக்கட்டூ எட்டிப் பார்க்கும்.

"எப்படா தட்டுன?"

"இப்பதான்."

"மத்தியானத்துலயா? குஞ்சு வளந்துட்டா ரெண்டும் இரை தேடிப் போயிருக்கும்டா. அதுங்க விதை தின்ன பக்கத்துல இருந்த பேங்க்சியா புதரத்தான் நீ உழுதுட்டியே, பன்னெண்டு கிலோமீட்டர் போகணும். குஞ்சா வந்து 'வாங்க வாங்க'ன்னு கூப்பிடும்?"

"நூறு கன்னு நட்டுத் தரேன் நோலீன், போதுமா?"

"அதுல பொந்து விழ இருநூறு வருஷமாகும். அதுவரைக்கும் உன் தொப்பியிலயா முட்டையிடும்?"

3.
கிளைவைக் கெட்டவனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பவன் அவன். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடுகிறது.

நோலீன் ஏணியில் ஏறிப் பொந்துக்குள் கையை விட்டாள். தோள்வரை போயும் அடி எட்டவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பொறுடா. குஞ்சு இருந்தா ஊட்ட வரும்."

"வண்டி அஞ்சு மணிக்குத் திரும்பிப் போகணும்."

முந்நூறு வருடம் நின்ற மரத்துக்கு ஒரு சாயங்காலம் கிடையாதாம்!

4.
முடிவு ஒன்று: கிளைவ் மனம் மாறுகிறான். (பொய். எழுதும்போதே கை கூசியது.)

முடிவு இரண்டு: மரம் சாய்கிறது. பொந்திலிருந்து—

மாட்டேன்.

கிளைவின் கை சாவியில் இருக்கிறது. நோலீன் ஏணியிலிருந்து இறங்க மறுக்கிறாள். நான் அடுத்த வாக்கியத்தை எழுதாதவரை புல்டோசர் நகராது; அதனால் எழுதப் போவதில்லை. முடிவு வேண்டுமென்பவர்கள் மரத்தடியில் வந்து உட்காருங்கள். சாயங்காலம் பறவை வருகிறதா என்று பார்த்துவிட்டு, கிளைவிடம் நீங்களே சொல்லுங்கள்.