கால் எட்டாத வண்டி

அண்ணன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவள் புருஷனுடைய வயிற்றின்மேல் வைத்தான். அவள் அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். அவன் குனிந்து எடுத்து மறுபடியும் வைத்தான். அவளும் மறுபடியும் எடுத்தாள். பிணத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு அண்ணனும் தங்கையும் ஹெல்மெட்டுக்கு இழுபறி செய்வதைப் பார்த்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

“அவனுக்குப் பிடிச்சதும்மா. கூடப் போகட்டும்,” என்றான் அண்ணன்.

“அவருக்கு வேர்க்கும்,” என்றாள்.

அண்ணன் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே போனான். நேற்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள், அழ வையுங்கள், உள்ளுக்குள் அடக்கினால் உடம்புக்கு ஆகாது என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அதிர்ச்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்குக் கோபம். அது வழியை அடைத்துக்கொண்டிருக்கும்போது அழுகை எப்படி வெளியே வரும்?

வெளி அறையில் அண்ணனின் கூட்டாளிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் டர்ட் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்காட்டு ஒற்றையடிப் பாதைகளில் ஏறி இறங்குகிறவர்கள். அண்ணன் அவர்களுக்குக் கேப்டன். புதிதாக யார் உள்ளே வந்தாலும் அவர்கள் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

“கொடுத்து வச்சவன். படுக்கையில கிடந்து நாறல. பிடிச்ச வேலையச் செய்யும்போதே பொட்டுன்னு போயிட்டான்.”

பொட்டென்று போகவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த துணிகளைக் காலையில்தான் பிரித்துப் பார்த்திருந்தாள். துணிக்கடை ஒன்றில் ஆல்ட்டரேஷன் தைப்பது அவள் வேலை. கழற்றிப் போட்ட பேன்ட்டைப் பார்த்தே அந்த ஆள் எந்தக் காலை அழுத்தி நடப்பார், எந்தப் பையில் கனத்தை வைப்பார் என்று சொல்லிவிடுவாள். இந்தப் பேன்ட்டில் இடது தொடையிலும் மண், வலது தொடையிலும் மண். இரண்டு முட்டியும் தேய்ந்து நூல் பிரிந்து தொங்கியது. ஒரே தடவை விழுந்தவனுடைய துணி இல்லை அது. விழுந்து, மண்டியிட்டு, தூக்கி, ஏறி, அந்தப் பக்கம் விழுந்து, திரும்பவும் மண்டியிட்டவனுடைய துணி. உடம்பைத் துடைக்கும்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கையுறை போட்ட கைதான். அப்படியும் தோல் வழன்றிருந்தது.

நாத்தனார் வந்து அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். செத்தவரின் அக்கா.

“நீதானேடி வாங்கிக்கோங்கன்னு தலைய ஆட்டின? அம்பது வயசுக்கு மேல என் தம்பிக்கு அந்தச் சனியன் கேட்டுச்சா? ஒரு அதட்டு அதட்டியிருந்தா உக்காந்திருப்பானே!”

“நான் தலைய ஆட்டினது இந்த வண்டிக்கு இல்லக்கா,” என்றாள் அவள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாலிபத்தில் அவரும் அண்ணனும் காடு மேடெல்லாம் வண்டியோட்டித் திரிந்தவர்கள். அந்தச் சிநேகிதத்தில்தான் அவளைப் பெண் கேட்டு வந்தார். கல்யாணமான புதிதில் ஒரு சரிவில் விழுந்து தோள்பட்டை முறிந்தது. அதோடு வண்டியை விட்டார். பிறகு எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே பிழைப்பாகப் போயிற்று. பிள்ளை இல்லாத வீடு, வேலைக்கு ஓடியவர் வரும்வரை அவளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். போன வருடம் ஒருநாள் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“நாள் பூரா மேல கீழ, மேல கீழன்னு போயிட்டு வரேன். ஒரு ஊருக்கும் போய்ச் சேரல. மறுபடி வண்டி ஓட்டலாமான்னு இருக்கு.”

“ஓட்டுங்களேன். ஆனா விரலுக்குத் தகுந்த வீக்கமா பாத்து வாங்குங்க.”

அதற்குப் பிறகு மாதக் கணக்கில் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு பார்த்திருக்கமாட்டான். எந்த வண்டி என்ன எடை, எதற்கு உதைக்க வேண்டும், எதற்குப் பட்டன், எது வழுக்கினால் காலடியில் படுக்கும், எது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். சீட்டின் உயரம்தான் முக்கியம் என்றார். அவள் டேப்பை எடுத்து அவருடைய கவட்டிலிருந்து குதிகால்வரை அளந்தாள். கூச்சத்தில் நெளிந்தார். இஸ்திரி மேசைமேல் தலையணையை அடுக்கி அவரை ஏறி உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு தலையணையாக உருவ உருவ, அந்தரத்தில் தொங்கிய பாதம் இறங்கி வந்து தரையில் படிந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

“கண்ணு என்னமோ இருபத்தஞ்சு வயசுல ஓட்டுன வண்டியத்தான் தேடுது,” என்றார் இறங்கி நின்று. “கண்ணுக்கு வயசாகல. முட்டிக்குத்தான் ஆயிடுச்சு. காட்டுல விழுறது பெரிய விஷயமில்ல, தூக்குறதுதான் விஷயம். தனியாத் தூக்க முடியாத வண்டிய வாங்கவே கூடாது.”

கடைசியில் ஒன்றை முடிவு செய்தார்கள். சின்ன எஞ்சின், கனமில்லை, பட்டனை அமுக்கினால் உயிர் வந்துவிடும், உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதியும். கடையில் சொல்லி வைத்துவிட்டு வந்து அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

இதைக் கேட்டு அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது.

“அது ஸ்கூல் பசங்க ஓட்டுற வண்டி மாப்பிள்ளை! அதுல நீ வந்தா உன்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்.”

மறுநாள் தன்னுடைய பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திச் சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினான். அவன் புதிது வாங்கியிருந்தான். பழையது ஷெட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கட்டிக்கொடுத்த தங்கையின் வீட்டுக்காரனுக்குச் சும்மா கொடுத்த மாதிரியும் ஆயிற்று, இடமும் காலியாயிற்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். சரி, பல்லைப் பார்க்க வேண்டாம். முட்டுமா என்றாவது பார்க்க வேண்டாமா?

அது குதிரை உயரம். கனமும் அப்படியே. பட்டன் கிடையாது, நின்றுபோனால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து பெருவிரலை மட்டும் தரையில் ஊன்றினார்.

“அண்ணே, அவருக்குக் கால் எட்டல,” என்றாள் அவள்.

“ஓடுற வண்டியில கால் எதுக்கும்மா தரையில? நிக்கிறவனுக்குத்தான் கால் வேணும்.”

கூட வந்திருந்த கூட்டாளிகள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எதிர்த்துப் பேச அவருக்கு வரவில்லை. கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேற்றுத்தான் அதில் முதல் தடவையாகக் காட்டுக்குப் போனார்.

தண்ணீர் கேட்கிற சாக்கில் மருந்துக் கடைக்காரர் சமையலறைக்குள் வந்தார். அண்ணனின் கூட்டத்தில் கொஞ்சம் வயதானவர். டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்கும்மா,” என்றார் மெதுவாக. “நல்லா ஓட்டுற ஒருத்தர் எல்லாருக்கும் பின்னாடி வருவார். கடைசி ஆள்னு சொல்லுவோம். முன்னால போறவன் எப்படியோ போகட்டும். கடைசி ஆள் மட்டும் யாரையும் தாண்டக் கூடாது. விழுந்தவன் எந்திரிச்சாத்தான் அவர் நகரணும்.”

“நேத்து யாரு?”

அவர் டம்ளரைப் பார்த்தார். “கேப்டன்தான்.”

“சொல்லுங்க.”

“செம்மண் ஏத்தம். இவரு விழுந்தாரு, தூக்கினாரு, உதைச்சுக் கிளப்பினாரு. ரெண்டடி ஏறி மறுபடியும் விழுந்தாரு. கேப்டனுக்குப் புது வண்டி, கை பரபரன்னு இருந்திருக்கும். தாண்டி மேல வந்துட்டாரு. நாங்கல்லாம் உச்சியில உக்காந்து ஃபிளாஸ்க்குல டீ குடிச்சிட்டிருந்தோம். மாப்பிள்ளை எங்கயாவது மரத்தடியில குறட்டை விடுவாருன்னு…” குரல் உடைந்தது. “நானும் சிரிச்சேம்மா. ரொம்ப நேரம் கழிச்சு இறங்கி வந்து பாத்தா, அந்த ஏத்தத்துல பாதிகூட அவர் ஏறியிருக்கல. தரையெல்லாம் உழுது போட்ட மாதிரி கிடந்துச்சு. அவர் நெஞ்சு நின்னுபோய், ஹேண்டில்பாரைப் பிடிச்சபடியே கிடந்தாரு.”

தாண்டிப் போகும்போது அவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பதையும் அண்ணனே உச்சியில் வேடிக்கையாகச் சொன்னானாம். மருந்துக் கடைக்காரர் அதையும் சொன்னார். சொல்லிவிட்டுக் குடிக்காத தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார்.

அப்போது வெளியே எஞ்சின் உறுமியது. அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

சவ வண்டி வந்து தெருவோரம் நின்றிருந்தது. வீட்டு முற்றத்தில், சிமெண்ட் தரையில், அந்தப் பைக் நின்றது. கழுவியிருந்தார்கள். நேற்றைய செம்மண் ஒரு பொட்டுகூட இல்லாமல், துணி போட்டுத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். அவருடைய உடம்பை அவள் துடைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் இவர்கள் இதைத் துடைத்திருக்கிறார்கள். அவளுக்குக் காது இரண்டும் சூடாயிற்று.

அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

“அவன் வண்டிய நான் முன்னால ஓட்டிட்டுப் போறேன். பின்னாடி நம்ம பசங்க எல்லாரும் எஞ்சினை முறுக்கிட்டே வருவாங்க. ராஜ மரியாதை. அப்புறம் வண்டிய நானே எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்மா. இங்க இருந்தா நீ பாத்துப் பாத்து அழுவ.”

“மச்சான் செத்தா மயிராச்சு, கம்பளி மெத்தை நமக்காச்சு,” என்றாள் நாத்தனார், ஊருக்கே கேட்கும்படி.

அண்ணனின் முகம் சுருங்கியது. தங்கையைப் பார்த்தான், அவள் ஏதாவது பரிந்து பேசுவாள் என்று.

“நேத்து கடைசி ஆள் யாருண்ணே?” என்றாள் அவள்.

கூட்டாளிகளில் ஒருவன் செருப்பைப் பார்த்தான்.

“இப்ப எதுக்கு அதெல்லாம்? எடுக்கற நேரத்துல…”

“யாரு?”

“நான்தான். அதுக்கு என்ன? அவன் சின்னப் புள்ளையா? எத்தனை தடவை தூக்கியிருக்கான், எனக்குத் தெரியாதா?”

அவள் பைக்கின் பக்கத்தில் போய்ச் சீட்டில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள். அது அசைந்து, யோசித்து, அந்தப் பக்கமாகச் சாய்ந்து தடாலென்று விழுந்தது. கண்ணாடி ஒன்று தெறித்தது. யாரோ ஐயோ என்றார்கள்.

“தூக்கு,” என்றாள்.

“பைத்தியமா உனக்கு?”

“தூக்குண்ணே. பாக்கணும்.”

அத்தனை பேர் பார்க்கிறார்கள். கேப்டன் வேறு. குனிந்து, பல்லைக் கடித்து ஒரே மூச்சில் நிமிர்த்தினான். “போதுமா?” என்று சிரிக்கப் பார்த்தான். அவன் ஸ்டாண்டைப் போடுவதற்குள் அவள் மறுபடி தள்ளினாள். இந்த முறை அவன் பக்கமாகவே விழுந்தது. துள்ளி ஒதுங்கினான்.

“தூக்கு.”

இரண்டாவது முறை நிமிர்த்தி முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வீம்புக்கு ஸ்டாண்டைக்கூடப் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் வந்தாள். அவன் கெட்டியாகத்தான் பிடித்திருந்தான், ஆனாலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது முறை அவள் லேசாகத்தான் கை வைத்தாள், வண்டி விழுந்தது.

“உதைச்சும் கிளப்பணும்,” என்றாள். “அவர் கிளப்பினாரு. சரிவுல. கால் எட்டாம.”

அவன் குனிந்தான். ஹேண்டில்பார் இடுப்பளவு வந்தது, பிறகு கையைவிட்டு நழுவியது. இன்னொரு முறை முழங்காலளவுதான் வந்தது. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். வாய் திறந்து மூச்சு இழுத்தான். கூட்டாளிகளில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

“யாரும் கை வைக்காதீங்க,” என்றாள் அவள். சத்தமாகச் சொல்லவில்லை. வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

“தங்கச்சி…” என்றான் அண்ணன். “முடியலம்மா.”

அவள் குனிந்து, அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

“நாங்க முன்னால போறோம். நீ தூக்கிட்டு மெல்ல வா.”

அவன் தலை நிமிர்ந்தது. அது யாருடைய வார்த்தை, யாரிடம் சொன்னது என்று அவனுக்குத் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப் போட்டார்கள். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தாள்.

சவ வண்டி டிரைவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். “எடுக்கலாங்களாம்மா?”

“எடுங்க.”

நான்கு பேர் அவரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கினார்கள். முற்றம் சின்னது. நடுவில் வண்டி கிடந்தது, அதன் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். தூக்கியவர்கள் சுவரை ஒட்டி ஒருக்களித்து, பெட்டியைச் சற்றே சாய்த்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் அவள் செருப்பில்லாமல் நடந்தாள். டாங்க் மூடியிலிருந்து பெட்ரோல் கசிந்து சிமெண்ட்டில் பரவிக்கொண்டிருந்தது. அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினாள்.