ஐந்தாம் எழுத்து

பேச்சியம்மாளுக்குப் போன புத்தி பதினைந்து பைசா மிச்சத்தோடு திரும்பக் கிடைத்தது. தியாகராய நகரில் அதைவிட மலிவாக அவள் எதையும் பேரம் பேசி வாங்கியதில்லை.

மார்புக்கட்டியை அறுத்தெடுத்த பிறகு அடையாற்று ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் ‘கரண்டு’ என்று கதிர்ச் சிகிச்சை வைத்தார்கள். உடம்பு தாங்கியது. புத்திதான் மழைநாள் அப்பளமாய் நமுத்துப்போனது. அவர்கள் ஜவுளிக்கடையில் சேலைச் சீட்டில் அடக்கவிலையை எண்ணால் எழுதுவதில்லை. மாமனார் வைத்துவிட்டுப் போன வாசகம் ஒன்று உண்டு: செந்திலாண்டவர் மழை. பத்து எழுத்து. செ ஒன்று, ந் இரண்டு, ஐந்தாவதாக வரும் ண் ஐந்து, கடைசி ழை பூஜ்யம். சீட்டைக் கண்டதும் அடக்கத்தை அறிந்து, வந்தவளின் வளையலைப் பார்த்து அதன்மேல் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவுசெய்வது பேச்சியம்மாளின் வேலை. புருஷன் போன பதினொரு வருஷமாக கடையில் விலை சொல்லும் மெத்தையில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

ஆனியில் ஒரு நாள் ‘செ ண் ழை’ என்ற சீட்டை ‘செ ந் ழை’ என்று படித்துவிட்டாள். நூற்றைம்பது ரூபாய்ப் பட்டு நூற்று முப்பத்தைந்துக்குப் போயிற்று. பதினைந்து ரூபாய் லாபம் பார்த்ததாகப் பூரிப்பு வேறு.

கொழுந்தன் பொன்ராஜ் கடை அடைக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

“மயினி, காலம் மாறிட்டு. விலைய எண்ணுல அச்சடிச்சு, ஒரே விலைன்னு போர்டு மாட்டிருவோம். ஒங்களுக்கும் ஓய்வு.”

“நான் செத்த பெறவு மாட்டு. அதுவரைக்கும் ஆணிச் செலவு மிச்சம்.”

“தீபாவளிச் சரக்கு வாரதுக்குள்ள முடிவு பண்ணணும்லா.”

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ் சைதாப்பேட்டையில் மக்கர் செய்தது. கண்டக்டரைத் திட்டிக்கொண்டே வெயிலில் கடைவரை நடந்தாள். வந்து உட்கார்ந்தவள் ஆறு சேலையின் தொகையைப் பென்சில் இல்லாமல் கூட்டிச் சொன்னாள். ஒரு நாள் வந்த லாபத்தை நம்பினால் அவள் வியாபாரியா? மூன்று நாள் பஸ், மூன்று நாள் நடை என்று மாற்றிப் பார்த்தாள். நடந்த நாளில் எழுத்து வந்தது. பஸ் நாளில் வரவில்லை. ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரிடம் இதைச் சொன்னபோது, களைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதோடு விட்டுவிட்டார். சைதாப்பேட்டையிலேயே இறங்கினால் டிக்கெட்டில் பதினைந்து பைசா மிச்சம்.

துணைக்குக் கைசர் ஜஹான் சேர்ந்துகொண்டாள். அதே கரண்டு, கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு உடுப்புத் தைப்பவள். அடிக்கு ஓர் எழுத்தாகப் பேச்சியம்மாள் முணுமுணுத்து நடப்பாள். குமட்டினால் ஓரமாக உட்கார்ந்து வாய் கொப்பளித்துவிட்டு, மறுபடி ‘செ’யிலிருந்து தொடங்குவாள்.

“இன்னாக்கா, சாமி பேர சொல்லிக்கினே வர்ற?”

“சாமி இல்லட்டி, வெலை.”

“எனக்கும் மண்டை காலிதான். நேத்து ராஜா சட்டைக்கு ரெண்டு கையும் எடது கையா தச்சுட்டேன். மேனேஜர் குதிக்கிறாரு.”

“இந்த ராஜா வலது கையால யாருக்கும் குடுக்கமாட்டான்னு சொல்லிட்டு வந்துரு.”

ஆடிக் கடைசியில் மயிலாப்பூர் ஜலஜா மாமி ஒரு பட்டை எடுத்துவைத்தாள். “எங்காத்துல கல்யாணம்னு தெரிஞ்சுண்டு ஏத்தாதீங்கோ.”

சீட்டில் செ, ட இரண்டுக்கும் நடுவே நின்ற எழுத்து நகர்ந்தது. ந்-ஆ, ண்-ஆ? சுழியை எண்ணினாள்; தெரிந்தது. ண். ஆனால் அதற்கு எத்தனை? முதுகுக்குப் பின்னால் பொன்ராஜ் நிற்பது தெரிந்தது. சேலைக்குள் பாதம் மெல்லத் தட்டியது. செ, ந், தி, லா, ண். ஐந்தாவது அடி.

“நூத்தி எம்பது.”

“நூத்தி அறுபது.”

“அது பட்டுக்கு ஆச்சு. ஜரிகைய ஓசியாவா கேக்கிய?”

நூற்று எழுபத்திரண்டில் முடிந்தது. பொன்ராஜ் சீட்டைத் திருப்பி, உதடசையப் படித்தான். நூற்றைம்பத்தாறு.

“அச்சாபீஸ்ல வேண்டாம்னு சொல்லிரட்டா, மயினி?”

“வேண்டாம்னு சொல்லாத. தள்ளி வையி.”

முன்பெல்லாம் கண் இமைப்பதற்குள் வந்த எழுத்து. இன்றைக்குக் கால் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. அது பொன்ராஜுக்குத் தெரியாது.

கரண்டு முடிந்த அன்று கைசர் ஜஹான் கேட்டாள். “இனிமே எங்கக்கா நடக்கறது?”

“பனகல் பார்க்குக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துரு. பஸ் இல்லாட்டாலும் ஒரு நடைக்குப் பதினஞ்சு பைசா வரவு வைப்பேன்.”

கடைக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பினாள். ஆனியில் போன பட்டில் நஷ்டம் பதினைந்து ரூபாய். நடந்தது இருபத்திரண்டு நாள், வரவு மூன்று ரூபாய் முப்பது பைசா. பாக்கி பதினொன்று எழுபது. நடைக் கணக்கில் இன்னும் எழுபத்தெட்டு நாள். பாதம் தட்டாமல் ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு அந்த எழுபத்தெட்டை எண்ணால் எழுதாமல், மாமனார் வாசகத்தின் எழுத்தில் தாளின் அடியில் பெரிதாக எழுதினாள்: வ ர்.