காலி அட்டைக்கு முழு அட்டை

கருணைக்குடை டிரஸ்ட் தேயிலை எஸ்டேட் ஊரான சூரியநெல்லிக்கு இலவச மருந்து கொடுத்த ஏழு வருடமும் மழை பெய்கிற மாதிரிதான் கொடுத்தது. யார் தலையில் விழுந்தது, யார் நனைந்தார் என்று மழை திரும்பிப் பார்ப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எஸ்டேட் கிளப் வாசலில் கோட்டயத்து வேன் வந்து நிற்கும். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் பெட்டியைப் பிரித்து, "பிரஷர்!" என்று கூவுவார். பிரஷர்காரர்கள் கை நீட்டுவார்கள். "ஷுகர்!" என்பார். ஷுகர்காரர்கள் நீட்டுவார்கள். இரண்டுக்கும் நீண்ட கைகளும் உண்டு. ஓசியில் வருகிற வியாதியை எதற்கு விட வேண்டும் என்கிற எண்ணம்தான். நீட்டிய கையில் மாத்திரை அட்டை, மருந்துக் கார்டில் ஒரு சீல், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. வேன் போய்விடும்.

எட்டாவது வருடம் டிரஸ்ட் கூட்டத்தில் யாரோ ஒரு வேண்டாத ஆள், "கொடுக்கிறதெல்லாம் வாய்க்குள்ளே போகிறதா?" என்று கேட்டுத் தொலைத்தார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதனால் தொப்பிக்காரருக்குப் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிமியை அனுப்பினார்கள்.

நிமி பார்மசி படித்தவள். வயது இருபத்தாறு. ஒரு லேப்டாப், ஒரு பிரஷர் மெஷின், சிரிக்காமல் கேள்வி கேட்கும் பழக்கம் ஆகியவற்றோடு வந்து இறங்கினாள். கிளப் வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் அறிவித்தாள்.

"இனி பழைய மாதிரி இல்ல. அடுத்த ஞாயிறு எல்லாரும் தீர்ந்துபோன மாத்திரை அட்டை கொண்டு வரணும். ஒரு காலி அட்டைக்கு ஒரு முழு அட்டை. காலி இல்லேன்னா மருந்தும் இல்ல, கார்டுல சீலும் இல்ல. மனசிலாயோ?"

"சரிங்க டீச்சர்" என்றது கூட்டம். ஸ்டூல் மேல் நின்று பேசுகிற பெண் யாராயிருந்தாலும் அந்தக் கூட்டத்துக்கு டீச்சர்தான்.

கடைசி வரிசையில் நின்ற செல்லத்துரை மட்டும், 'சீலும் இல்ல' என்ற இடத்தில் தன் கார்டை எடுத்துப் பழைய சீல்களை எண்ணிப் பார்த்தார்.

செல்லத்துரைக்கு ஐம்பத்து நாலு வயது. கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். அந்த ரோட்டை ரோடு என்பது ஒரு மரியாதைக்காக. கற்கள் மலையேறப் போகின்றன, ஜீப்பும் துணைக்குப் போகிறது, அவ்வளவுதான். சூரியன் எழுவதற்குள் ஆட்களை உச்சியில் இறக்கியாக வேண்டும். போன வருடம் மூத்த டிரைவர் ஒருவர் ஸ்டாண்டில் நின்ற ஜீப்பிலேயே மயங்கிச் சரிந்தார். அதற்குப் பிறகு ஜீப் சங்கம் தீர்மானம் போட்டது: ஐம்பது தாண்டிய டிரைவருக்குப் பிரஷர் இருந்தால், மருந்துக் கார்டில் மாதாமாதம் சீல் காட்ட வேண்டும். சீல் இல்லையென்றால் சவாரிக்கு டர்ன் இல்லை. சங்கச் செயலாளர் ஜின்சன் நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் பெற்ற தகப்பனுக்கும் டர்ன் கொடுக்கமாட்டார். கொடுக்கவும் இல்லை. மயங்கிச் சரிந்தவர் அவருடைய தகப்பனார்தான்.

இந்த நிலையில், செல்லத்துரை எட்டு மாதமாக ஒரு மாத்திரைகூடப் போட்டதில்லை.

வீம்பெல்லாம் இல்லை. அந்த வெள்ளை மாத்திரையைப் போட்டால் அரைமணி நேரத்தில் ஒன்றுக்கு முட்டும். மலை ஏறவோ ஒன்றரை மணி நேரம். ஒருநாள் பெங்களூர்க் குடும்பம் ஒன்றை ஏற்றிப் போனபோது வழியில் நாலு தடவை நிறுத்த வேண்டியதாயிற்று. சூரியன் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே அவர்கள் இன்டர்நெட்டில் எழுதிவிட்டார்கள்: 'டிரைவர் தங்கமான மனிதர். சூரிய உதயம் பார்க்கவில்லை. டிரைவரின் முதுகை நான்கு கோணங்களில் பார்த்தோம்.' ஒரே ஒரு ஸ்டார். சக டிரைவர் சுடலைமணி அதை ஸ்டாண்டில் சத்தம் போட்டு வாசித்தார். வராதவர்களுக்காக மறுநாளும் வாசித்தார்.

அன்றோடு சரி. "வெள்ளனக் கெளம்புதேன்லா, வண்டியிலயே போட்டுக்கிடுதேன்" என்று மனைவி அழகுத்தாயிடம் சொல்லி எடுத்துப்போன அட்டைகளெல்லாம் ஜீப்பின் டூல் பெட்டியில், ஜாக்கிக்கு அடியில், பிரிக்கப்படாமல் கிடந்தன. சீல் மட்டும் மாதம் தவறாமல் விழுந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அழகுத்தாய் கேட்டாள். "ஏங்க, ஒங்க காலி அட்டையெல்லாம் எங்க?"

"திங்கத் திங்க வெளிய எறிஞ்சிருவேன்."

"எங்க?"

"மலையில."

"மலையில எங்க?"

"மலைன்னா மலைதான். அதுல எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

அழகுத்தாய் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் போனால் அவள் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். அவளுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று: சாயங்காலம் நிறுவைக் கொட்டகையில் நிறையக் கொட்டுகிறவளுக்கு நிறைய, கணக்குக்கு மேலே கொட்டினால் அதற்குத் தனியாக. டிரஸ்டும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள். அவள் மட்டுமில்லை, எஸ்டேட்டின் வரிசை வீடுகளான நாலு லயத்துப் பெண்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். காலி அட்டை அதிகம் கொண்டுபோகிற வீட்டின் மேல் டிரஸ்டுக்குப் பிரியம் அதிகம்.

காலி அட்டைக்குப் பஞ்சமும் இல்லை. லயத்து வீடுகளின் பின்னால் பீன்ஸும் முட்டைக்கோசும் போட்ட துண்டுத் தோட்டங்களில், ஏழு வருடத்து மாத்திரை அட்டைகள் கயிற்றில் கோத்துத் தொங்கின. காற்றில் சுழன்று வெயிலில் மினுங்கினால் குருவி கிட்டே வராது. டிரஸ்டின் மருந்து மனிதர்களுக்கு என்ன செய்தது என்று சொல்வதற்கில்லை. பீன்ஸைக் காப்பாற்றியதற்குச் சாட்சி உண்டு. அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்த பெண்கள், பொழுது சாயும்வரை இரண்டு கையாலும் அட்டை பறித்தார்கள். வியாழக்கிழமை குருவிகள் வந்தன. வெள்ளிக்கிழமை பீன்ஸ் இல்லை.

செல்லத்துரைக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு வேண்டியது ஒரு மாதக் கணக்குக்கு மூன்று காலி அட்டை. சனிக்கிழமை ஜீப்புக்குள் உட்கார்ந்து மூன்று அட்டையை எடுத்து, முப்பது மாத்திரையையும் பிதுக்கினார். தூக்கி எறிய மனசு வரவில்லை. எவனோ கொடுத்த புண்ணியம். பேப்பரில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர்களை முதலில் விட்டார்கள். மேசைக்குப் பின்னால் நிமி. பக்கத்தில், சீலைச் சரிபார்க்க டர்ன் நோட்டும் பேனாவுமாக ஜின்சன். செல்லத்துரை மூன்று அட்டையை மேசையில் வைத்தார்.

"மூணு. கரெக்ட் சேட்டா" என்று நிமி சீலை எடுத்து மையில் ஒற்றினாள்.

"நில்லுங்க டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. அழகுத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "அவரு கூச்சப்படுதாரு." கையிலிருந்த மஞ்சள் பையை மேசை மேல் கவிழ்த்தாள்.

"ஏய், ஏய்" என்றார் செல்லத்துரை.

"சும்மா இரிங்க. எல்லாம் ஒங்களுக்குத்தான்."

நிமி எண்ணினாள். இருபத்தொன்று. முன்னதோடு இருபத்துநாலு. லேப்டாப்பில் தட்டினாள். சீலைக் கீழே வைத்தாள்.

"ஒரு மாசத்துல இருபத்துநாலு அட்டையா? ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையா சேட்டா?"

"இலையில எதையும் மிச்சம் வைக்க மாட்டாரு" என்றாள் அழகுத்தாய் பெருமையாக.

நிமி அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். மெஷின் உறுமி, மூச்சு விட்டு, எண்ணைக் காட்டியது. நூற்றெண்பத்தாறு. கீழே நூற்றுப் பத்து. உடனே கோட்டயத்து டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்ட டாக்டர் எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"எட்டு மாத்திரை போட்டும் நூற்றெண்பத்தாறா?" என்றார் பிறகு. "என்னுடைய சர்வீஸ்ல கேட்டதில்ல. ஆளை அசைக்க வேண்டாம். படுக்க வை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டுச் செல்லத்துரையைப் படுக்க வைத்தார்கள். சுடலைமணி தொப்பியைக் கழற்றினார். ஜின்சன் நோட்டை மூடினார். அந்த 'டப்' என்ற சத்தம் செல்லத்துரைக்கு மெஷினை விடப் பெரிதாகக் கேட்டது. ஆம்புலன்ஸில் ஏறிப்போன டிரைவரை எந்தச் சங்கம் திரும்ப ஜீப்பில் ஏற்றும்? உண்மையைச் சொன்னாலும் சீல் போச்சு. எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம். ஒருவேளை இப்படியே படுத்துக் கிடந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்களோ என்றுகூட யோசித்துப் பார்த்தார்.

அப்போது அழகுத்தாய் அழுதாள். சத்தமில்லை. பெஞ்சின் தலைமாட்டில் நின்று, கயிறு அறுத்த விரல்களால் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "காத்து வரட்டும், காத்து வரட்டும். மோனிஷாவுக்கு யாராவது போன் போடுங்களேன், அப்பாவ வந்து பாத்திரட்டும்" என்றாள். மோனிஷா அவர்கள் மகள். திருப்பூரில் வேலை, மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

செல்லத்துரை எழுந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் எட்டு மாத்திரை போடல."

"பின்னே? ஏழா?"

"ஒண்ணும் போடல. எட்டு மாசமா." சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். முப்பது வெள்ளை மாத்திரைகள். "மிச்சம் டூல் பெட்டியில கெடக்கு."

அழகுத்தாயின் அழுகை குழாயை அடைத்த மாதிரி நின்றது. "அப்ப மலையில எறிஞ்சேன்னீரு?"

"அது ஒரு பேச்சுக்கு."

நிமி மேசையில் கிடந்த அட்டைகளை இப்போதுதான் புரட்டிப் பார்த்தாள். வெயிலில் வெளுத்து எழுத்தெல்லாம் போயிருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு ஓட்டை. "இந்த ஓட்டை எதுக்கு?"

"குருவிக்கு" என்றாள் அழகுத்தாய்.

"குருவிக்கும் பிரஷரா மதினி?" என்றார் சுடலைமணி பின்னாலிருந்து.

நிமி தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தாள். ஆளுக்கொரு மஞ்சள் பை. பைகளெல்லாம் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போயின.

"சரி. ஏன் போடல சேட்டா?"

செல்லத்துரை ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல."

"ஒண்ணுக்கு வருது!" என்று கத்தினார் செல்லத்துரை. கிளப் வாசல் குலுங்கிச் சிரித்தது. ஸ்பீக்கரில் டாக்டரும் சிரித்த மாதிரி இருந்தது. இருமல் என்று பின்னால் சொன்னார்.

நிமி சிரிக்கவில்லை. "எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

"மூணரைக்கு. கெளம்பும்போது. காலையிலதான் போடணும்னு தொப்பிக்காரரு சொன்னாரு."

"மலையிறங்கி வந்து பத்து மணிக்குப் போட்டாலும் அது காலைதானே?"

செல்லத்துரை அவளையே பார்த்தார். ஏழு வருடத்தில் எத்தனையோ தடவை அவருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. "அப்படியும் போடலாமா?"

"போடலாம். அப்பவும் தொந்தரவுன்னா வேற மாத்திரை இருக்கு. இல்லையா டாக்டர்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றது ஸ்பீக்கர். ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுக் கட்டானது.

ஜின்சன் நோட்டைத் திறந்தார். செல்லத்துரை நிமிர்ந்தார். ஜின்சன் செல்லத்துரையின் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். "விஷமிக்க வேண்டாம், வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. நூற்று நாப்பதுக்குக் கீழ வந்தா நானே அழிச்சு எழுதுறேன். மேல இருந்தா என் அப்பன் கூட உட்கார்ந்து சீட்டு விளையாடலாம்."

நிமி அன்றே டிரஸ்டுக்கு எழுதினாள். காலி அட்டை வேண்டாம். காலி அட்டை வாயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இனி ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பிரஷர் பார்க்க வேண்டும், எப்போது போடுகிறார், போட்டால் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும், கார்டில் சீலுக்குப் பதில் எண் எழுத வேண்டும். இப்படி ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகுமே என்று டிரஸ்ட் கேட்டது. ஆகும் என்று பதில் எழுதினாள்.

அடுத்த மூன்று வாரம் செல்லத்துரை மற்றவர்களின் ஜீப்பைக் கழுவினார். பத்து மணி ஆனதும் தேயிலைக் காட்டுக்கு ஏறிப்போய், அழகுத்தாய் நிற்கும் நிரையில் நின்று, அவள் கையால் மாத்திரை வாங்கி விழுங்கினார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கியும் காட்ட வேண்டும். சுற்றி நின்று பார்த்த முப்பது பெண்கள் சம்மதித்த பிறகுதான் கீழே இறங்கலாம். ஒருநாள் சூப்பர்வைசரும் எட்டிப் பார்த்து, "சரி, போகலாம்" என்றார்.

முதல் ஞாயிறு வந்தது. இந்தத் தடவை கிளப்புக்குள்ளே திரை கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். செல்லத்துரை உட்கார்ந்து கையை நீட்டினார். எதிரே ஜின்சன், பேனா மூடியைக் கழற்றித் தயாராக. மெஷின் உறுமி நின்றது.

நூற்று ஐம்பத்திரண்டு.

"ஒழுங்காத்தானே போட்டீங்க?" என்றாள் நிமி.

"முப்பது சாட்சி இருக்கு டீச்சர்."

ஜின்சன் பெருமூச்சோடு பேனாவை மூடினார். நிமி செல்லத்துரையைப் பார்த்தாள். செல்லத்துரை ஜின்சனின் நோட்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றி வியர்த்திருந்தது.

"ஜின்சன் சேட்டா, நீங்க கொஞ்சம் வெளிய நிக்கணும்."

"நானா? எதுக்கு?"

"அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க."

ஜின்சன் போனார். நிமி ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ முட்டைக்கோசு விலை பேசினார்கள். செல்லத்துரைக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. மறுபடி பட்டனை அழுத்தினாள்.

நூற்று முப்பத்தாறு.

"முடிஞ்சதா?" என்று திரைக்கு வெளியே ஜின்சனின் குரல் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கியது. எண் மறுபடி ஏறிவிடப் போகிறதே என்று, நிமி அவசர அவசரமாகச் செல்லத்துரையின் கையிலிருந்து பட்டையை உருவி எடுத்தாள்.