இரண்டே காலுக்கு ஒரு கையெழுத்து

தனுஷ்கோடி போலீஸ் பட்டா புத்தகத்தை மஞ்சள் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்திருந்தார். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. ஜன்னலோரம் பொன்னுராஜ் உட்கார்ந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் டி.எஸ்.பி. ஆபீசில் பதினோரு மணிக்கு விசாரணை.

"நீ ஒண்ணும் நீட்டி முழக்க வேண்டாம் தம்பி. ராத்திரி யாரும் வரல, கையெழுத்து மட்டும் கெடக்குன்னு எழுதிக் குடு. அம்புட்டுதான். ஏட்டு மாரிசாமிக்கு வேலை காலி."

பொன்னுராஜ் தலையாட்டினான். மனைவி ஞானபாக்கியத்துக்கு நாற்பதாம் நாள் ஜெபம் முந்தாநாள்தான் முடிந்திருந்தது. இந்த நாற்பது நாளில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டப் பழகிவிட்டான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் களவு போனது. போலீசும் தெருக்காரர்களும் கூடிப் பேசி ஒரு கண்காணிப்புக் குழு போட்டார்கள். பலசரக்குக் கடை தனுஷ்கோடி தலைவர். ராத்திரி ரோந்து வரும் ஏட்டு வந்துபோனதற்கு அடையாளமாக நேரம் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு ஏதாவது வீட்டு வாசலில் தொங்க வேண்டும். அதுதான் பட்டா புத்தகம். பொன்னுராஜ் நூல் மில்லில் சூப்பர்வைசர். மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிப்ட். வீட்டில் மனைவி தனியாக, அதுவும் பிள்ளைத்தாய்ச்சியாக. புத்தகம் தன் வீட்டு கிரில் கதவில் தொங்கட்டும் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஏட்டு மாரிசாமி இரண்டே காலுக்கு வருவார். லத்தியால் கிரில்லில் இரண்டு தட்டு. ஞானபாக்கியம் உள்ளிருந்தபடியே வாசல் விளக்கைப் போட்டு உடனே அணைப்பாள். சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஆள் வேண்டும் என்று அர்த்தம். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டது இது. தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கூட்ட நோட்டீஸ் கொடுக்க மாரிசாமி நனைந்துகொண்டு வந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. இருமல் நிற்கவில்லை. ஞானபாக்கியம் சுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஒங்க இருமலுக்கே கள்ளன் ஓடிருவான் ஏட்டையா, லத்தி என்னத்துக்கு?" என்று சிரித்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"இன்னைக்கு ராத்திரிக்கும் இப்பவே போட்டுட்டுப் போய்ப் படுங்க. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அவர் தயங்கினார். சட்டைப்பையைத் தடவினார். ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற பொன்னுராஜ் தன் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தான். இரண்டே கால் என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் வந்தபோது, தூறலில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஞானபாக்கியம் சுவிட்சுக்குக் கீழே சுவரில் சாய்ந்து கிடந்தாள். உடம்பு குளிர்ந்துபோயிருந்தது. அவன் விளக்கை அணைத்தான். அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினான். அதன் பிறகுதான் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளைக் கூப்பிட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பிரஷர் ஏறி வலிப்பு வந்திருக்கிறது, ராத்திரியே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏட்டு அன்று ராத்திரி தெருப்பக்கமே வரவில்லை என்று தெரிந்ததும் தனுஷ்கோடி புகார் கொடுத்தார்.

யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் அவள் விளக்கைப் போட்டிருக்கிறாள். பஸ் போய்க்கொண்டிருந்தது.

விசாரணை அறையில் மாரிசாமி சுவரோரம் நின்றார். சஸ்பெண்டில் இருந்ததால் வேட்டி கட்டி வந்திருந்தார். டி.எஸ்.பி. புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

பொன்னுராஜ் காத்திருந்தான். அந்தப் பிள்ளைதான் போடச் சொன்னது என்று ஏட்டு வாய் திறந்தால் போதும். செத்தவள் மேல் பழி போடுகிறாயா என்று கேட்டுவிடலாம். நாற்பது நாளாக வராத கோபம் அப்போதாவது வரும். தனுஷ்கோடி சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிடலாம்.

"தப்பு என்னுதுதான்யா. மழைக்குச் சோம்பல்பட்டுட்டேன்" என்றார் மாரிசாமி. அதற்கு மேல் எத்தனை தடவை கேட்டும் அதையேதான் சொன்னார்.

டி.எஸ்.பி. இவன் பக்கம் திரும்பினார். இவன் எழுதிக் கொடுப்பதைப் பொறுத்துத்தான் ஏட்டின் வேலை நிற்பதும் போவதும் என்றார். தனுஷ்கோடி வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார்.

"போடச் சொன்னது நான் சார். பேனாவும் என்னுதுதான்."

"ஏலே, என்ன பேசுத?" என்றார் தனுஷ்கோடி. அதுவரை அவர் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

டி.எஸ்.பி. வெகுநேரம் எழுதினார். யார் சொல்லி எழுதினாலும் பொய் எழுத்து பொய் எழுத்துதான் என்றார். வேலை போகாது, தண்டனையோடு வெளியூர் மாற்றல் இருக்கும். புத்தகத்தைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். புதுப் புத்தகம் வேறு வீட்டில் தொங்கட்டும் என்று தனுஷ்கோடியிடம் சொன்னார்.

தனுஷ்கோடி விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் பேசுகிற பேச்சா இது என்று அவர் வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போனது பொன்னுராஜுக்கும் கேட்டது.

சைக்கிள் ஸ்டாண்டு அருகே மாரிசாமி வந்து நின்றார்.

"அந்தப் புள்ள சொன்னத நீங்க சொன்னதா ஆக்கிட்டிய."

"நீங்களும் அவ பேரச் சொல்லலையே ஏட்டையா."

மாரிசாமி துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. நாப்பது நாளா கண்ண மூட முடியல. அன்னைக்கு வாசல் லைட்டு..."



"எரியல" என்றான் பொன்னுராஜ். "கட்டில்லதான் கெடந்தா. தூக்கத்துலயே போயிருக்கா."

மாரிசாமி அவன் முகத்தையே பார்த்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

ராஜபாளையம் பஸ் கிளம்பும் நேரத்தில் ஏறினான். தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் அவர் வெறும் மஞ்சள் பையை வைத்திருந்தார். இவனைப் பார்த்தும் எடுக்கவில்லை. பொன்னுராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரை நின்றபடியே வந்தான்.