ஐந்து யூரோவுக்குக் குற்றி இல்லாத நாடு

இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்த ஆனந்தராசா, தம் ஐம்பத்திரண்டாவது வயதில் ஐந்து யூரோத் தாளாக மாறினார். ஒரே நாளில் மாறவில்லை. வெங்காய விலை ஏறுவதைப்போல இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சமாக, இரண்டு மாதத்தில் மாறி முடித்தார். அந்த ஆண்டு பலெர்மோவில் தக்காளி கிலோ மூன்று யூரோவைத் தொட்டிருந்ததால் சனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார்கள்.

பிழை அவருடைய மனைவி குகனேஸ்வரியுடையது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையின் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது ஆனந்தராசாவின் இதயம் நின்றுபோனது. தொலைபேசி வந்த நேரம் குகனேஸ்வரி, தான் பராமரித்த தொண்ணூற்றொரு வயது இத்தாலியக் கிழவியான சிஞ்ஞோராவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அரைவாசி நகத்தோடு சிஞ்ஞோராவை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகமுன் ஒரு வேலை இருக்கிறது: மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து, ஆளைத் தப்பவைத்தால் இதைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சாமிக்குச் சொல்லவேண்டும். அவளுடைய சாமித்தட்டில் பிள்ளையாரும் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவும் தோளோடு தோள் முட்ட நின்றார்கள். இரண்டு பேரில் ஆருக்கு முதலில் காது கேட்கிறதோ அவருக்கு என்று நேர்ந்துகொண்டு காசைத் தேடினாள். வீட்டில் ஒரு நாணயக் குற்றிகூட இல்லை. போத்தல் நிறையக் கிடந்த சில்லறையை, சும்மா கனக்கிறது என்று மகள் நிரோசினி முதல்நாள்தான் கடையில் கொடுத்துத் தாளாக மாற்றியிருந்தாள். தாளும் காசுதானே என்று குகனேஸ்வரி ஒரு ஐந்து யூரோவை எட்டாக மடித்து, மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்துவிட்டு ஓடினாள்.

ஆனந்தராசா நாற்பது நிமிடம் செத்துக் கிடந்தார். பிறகு எழும்பியிருந்து பால் விடாத பிளேன்ரீ கேட்டார். அந்த வார்டில் இருந்த டொக்டர்மார் பத்துப் பேரில் ஒன்பது பேர் வந்து பார்த்தார்கள். பத்தாவது ஆள் தொழிலையே விட்டுவிட்டுப் பிஸ்தா பயிரிடப் போய்விட்டார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்த மனிதர் கட்டிலில் புரண்டபோது சரசரவென்று சத்தம் கேட்டது. ஒரு மாதத்தில் எழுபத்தெட்டுக் கிலோ ஏழு கிலோவானது, பிறகு தராசு அவரைக் கணக்கெடுப்பதையே விட்டுவிட்டது. மேனி சாம்பல் நிறமாகி, வலது விலா நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு இறங்கியது. முழங்கையில் ஒரு பழைய வளைவு வாசல் தெரிந்தது. காலை வெயிலில் யன்னலோரம் நின்றபோது, நெஞ்சுக்கு ஊடாக ஒரு பெண்ணின் முகம் நிழல்போல் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் சண்டையில்லாமல் குடும்பம் நடத்திய குகனேஸ்வரிக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"உவள் ஆர்?"

"எவள்?"

"உங்கடை நெஞ்சுக்குள்ளை நிக்கிறவள்."

"எனக்கெப்பிடியப்பா தெரியும்? நெஞ்சு என்ரையெண்டாலும் பாக்கிறது நீதானே."

இரண்டாம் மாடி ஜெயரட்ணம்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடம் காசாளராக இருந்தவர். கண்ணை மூடிக்கொண்டு தடவி ஒரு தாளின் வயதைச் சொல்வார், சில வேளை அதை வைத்திருந்தவரின் வயதையும் சொல்வார். ஆனந்தராசாவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, நெஞ்சில் தெரிந்த முகம் ஐந்து யூரோத் தாளின் நீர்க்குறி என்று கண்டுவிட்டு அவர் குகனேஸ்வரியைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனார்.

"முடிச்சிலை என்ன வைச்சனி பிள்ளை?"

"ஐஞ்சு யூரோ, அண்ணை."

"குத்தியோ, தாளோ?"

"ஐஞ்சுக்கு ஏதண்ணை குத்தி?"

ஜெயரட்ணம் படியில் இருந்துவிட்டார். "எதை முடியிறியோ அதின்ரை ஆயுசுதான் ஆளுக்கு வரும். தாள் கைமாறிக் கைமாறி ஒண்டரை வருசத்திலை கிழிஞ்சுபோம். குத்தியெண்டா முப்பது வருசம் கிடக்கும். இதுக்குத்தான் நான் அப்பவே தொண்டை கிழியக் கத்தினனான், சின்னத் தாளெல்லாத்தையும் குத்தியாக்கச் சொல்லி. ஆர் கேட்டது?"

ஒன்றரை வருடத்தில் நாலு மாதம் அதற்குள் போயிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கட்டடம் குற்றிக் கட்சி, தாள் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டிலேயே கூட்டம் நடந்தது. மேல் மாடிக்குப் போகவேண்டிய பீட்சாக்காரன் ஒருமுறை மூன்று மணித்தியாலம் நின்று இரண்டு பக்க நியாயத்தையும் கேட்டுவிட்டு, பீட்சாவையும் தானே தின்றுவிட்டுப் போனான். ஊரில் பத்து ரூபாத் தாளைக் குற்றியாக்கியதால் குடியா மூழ்கியது என்று ஜெயரட்ணம் கேட்டார். சிஞ்ஞோராவோ, யூரோவுக்கு முந்திய ஆயிரம் லீரா தாளாக இருந்தவரை அதற்கு மரியாதை இருந்தது, யூரோவைக் குற்றியாக்கியதும் பிச்சைக்காரன்கூட மதிப்பதில்லை என்று சொல்லியனுப்பினாள். சந்தையில் மரக்கறி விற்கிற செல்வமலர் தாள் கட்சி. இறுதிச் சண்டை முடிந்து வன்னியிலிருந்து வந்தவள்; மற்றவர்கள் கத்தி ஓயும்வரை பொறுத்திருந்துதான் வாய் திறந்தாள்.

"நாங்கள் தாளைச் சட்டைக்குள்ளை வைச்சுத் தைச்சுக்கொண்டு ஓடினனாங்கள். என்ரை மாமி உண்டியலை விடமாட்டன் எண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தவ. தண்ணிக்கை இறங்கேக்கை கனம் இழுத்துப்போட்டுது. கனக்கிறதோடை ஓடேலாது."

அந்த ஞாயிறு கூட்டம் அதோடு கலைந்தது.

குகனேஸ்வரி இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அவளுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு தோறும் அவரை மேசையில் கிடத்தி, மேலே ஈரத்துணி விரித்து, இளஞ்சூட்டில் அயன் பண்ணினாள். காற்றடிக்கிற நாட்களில் பல்கனியில் நிற்க ஆசைப்பட்டால் தோளில் இரண்டு உடுப்புக் கிளிப் போட்டுக் கொடியில் கொழுவிவிட்டாள். தண்ணீர் படக்கூடாது என்பதால் சட்டி கழுவும் வேலை போய்விட்டது. அவரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துச் சிஞ்ஞோரா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் பைக்குள்ளிருந்து அவர் சொன்ன பகிடிக்கு அவள் தனியே சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் இடம் மாறி இருந்தார்கள். உண்மையைச் சொல்வதென்றால், கலியாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்ததில்லை. இரவு வேலையும் பகல் வேலையுமாக வாசலில் சந்தித்துப் பிரிந்த சீவியம் அது. ஆனால் மடிக்கிற இடங்கள் தேய்ந்தன. முழங்காலில் நூல் தெரிந்தது, இடுப்பில் ஊசித்துளைகள் விழுந்தன. கழுத்து மடிப்பில் வெளிச்சம் உள்ளே வந்தது.

பத்தாம் மாதம் தாயும் மகளும் அவரைச் சுருட்டி ஒரு வங்கிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் மரியாதையானவர். அவரை மேசையில் விரித்து, அடிமட்டத்தால் நீளம் அகலம் அளந்து, பாதிக்கு மேல் இருப்பதால் பிரச்சினை இல்லை என்று சொன்னார். புதிதாக ஒன்று தருவார்களாம். பழையதை இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்குவது வழக்கமாம். நிரோசினி இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"புது அப்பா தருவினமாம் அம்மா. அதே பெறுமதியாம்."

"அவர் எங்களை அறிவாரோ எண்டு கேள்."

நிரோசினி கேட்டாள். பெறுமதிக்கு மட்டுந்தான் தாங்கள் பொறுப்பு என்றார் அந்த மனிதர். குகனேஸ்வரி கணவனைத் திரும்பச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஜெயரட்ணம் ஐந்து யூரோவுக்குக் குற்றி வார்க்கச் சொல்லி மனு எழுதினார். ஒரு பின்னேரத்தில் பதினாலாயிரம் கையெழுத்துச் சேர்ந்தது. அதில் பாதி அவருடைய கைதான் என்று செல்வமலர் சொன்னாள். பதில் வர ஐந்து மாதம் எடுத்தது. மனு கவனத்தில் எடுக்கப்பட்டது, குழு அமைத்து ஆராயச் சில ஆண்டுகள் ஆகலாம் என்று இருந்தது. சேகரிப்பவர்களுக்காக வார்த்த ஐந்து யூரோக் குற்றி உண்டுதான். ஆனால் ஒரு மத்தி மீன்கூட வாங்கியறியாத காசை நேர்த்திக்கு முடிவது சாமிக்குப் பொம்மை கொடுப்பது போன்றது. ஒரு யூரோக் குற்றி ஐந்து வைத்தால் ஆள் ஐந்து துண்டாக வந்து நிற்பார். புழக்கத்தில் பெரிய குற்றி இரண்டு யூரோதான்.

"ஐஞ்சுக்குப் பதிலா ரெண்டு வைச்சா மூண்டு குறையும் பிள்ளை," என்று ஜெயரட்ணம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மனிசனுக்கு இருக்கிறதும் ஐஞ்சுதானே. கண், காது, மூக்கு, நாக்கு, மேல்தோல். அதிலை மூண்டு போம். எந்த மூண்டெண்டு எனக்குத் தெரியாது."

பதினேழாம் மாதம் ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வந்தது. வீதியில் நின்ற மோட்டார் சைக்கிள்களையெல்லாம் கடற்கரை வரை தள்ளிக்கொண்டு போன அந்தக் காற்று யன்னலால் உள்ளே வந்து ஆனந்தராசாவைச் சுவரில் ஒருமுறை அடித்தது. கழுத்தில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழிந்தது. குகனேஸ்வரி ஒட்டுப் பேப்பர் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சை பார், என்னை இப்பிடியே விடு. கிழியிற மட்டும் உன்ரை பையிலை வாறன். குத்தியானா நான் எங்கை வாறது?"

"பிள்ளைக்குத் தகப்பன் வேணும்."

"இருக்கிறன்தானே."

"முப்பது வருசத்துக்கு வேணும்."

"அது உனக்கோ எனக்கோ?"

அவள் ஒட்டுப் பேப்பரின் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டாள். "யன்னலைச் சாத்து, காத்தடிக்குது," என்று அவர் சொன்னார். ஆனந்தராசா கதைத்த கடைசிக் கதை அது. அவர் கண்ணயர்ந்ததும், பின்னேரம் மூன்று மணிக்கு, குகனேஸ்வரி சாமித்தட்டிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்த தாள் மஞ்சளில் ஊறி, முழங்காலும் இடுப்பும் கழுத்தும் வருகிற இடங்களில் நைந்து கிடந்தது. பிள்ளையாரிடமும் சாந்தா ரொசாலியாவிடமும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாளை எடுத்துவிட்டு இரண்டு யூரோக் குற்றியை வைத்து முடிந்தாள். முடிச்சு இறுகியதும் பக்கத்து அறையில் எழுந்த கணீரென்ற சத்தத்துக்கு ரயில் நிலையத்தில் நின்ற ரயில் புறப்பட்டுவிட்டது. பின்னேரப் பூசைக்கு நேரம் தவறிவிட்டோம் என்று மூன்று கோயில்களில் பாதிரிமார் ஓடினார்கள். கட்டில் இரண்டாகப் பிளந்தது. நிலத்துக் கல்லில் ஆள் நாலு விரற்கடை இறங்கிக் கிடந்தார். கையும் காலும் தலையும் வெள்ளி நிறம், நெஞ்சும் வயிறும் பொன் நிறம். கழுத்தில் கிழிசல் இல்லை. நெஞ்சுக்குள்ளே இருந்த பெண்ணும் இல்லை. அவள் போய்விட்டாள் என்று கண்டதும்தான் குகனேஸ்வரி நிலத்தில் இருந்து அழுதாள்.

பிரான்காச்சோவில் லொறி இஞ்சின் தூக்குகிற பட்டறையிலிருந்து பாரந்தூக்கியைக் கொண்டுவந்து, பன்னிரண்டு பேர் சேர்ந்து, அவரை யன்னலால் இறக்கினார்கள். தரைத் தளத்தில் வீதியைப் பார்த்த அறையொன்றை வீட்டுக்காரர் மாதம் நாற்பது யூரோ குறைத்து வாடகைக்கு விட்டார். கதிரை தாங்காததால் தெருவுக்குப் போடுகிற கருங்கல்லில் இருக்கை கட்டி இருத்தினார்கள். பட்டறைக் கணக்கில் ஆள் எண்ணூற்றுப் பத்துக் கிலோ. விலாப்பக்கம் விரல் வைத்தால் குற்றியின் விளிம்பில் இருப்பதுபோலச் சின்னச் சின்ன வரிப்பள்ளங்கள் தட்டுப்படும். நெஞ்சில் காது வைத்தால் கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு இருக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். டொக்டர் அதை உயிர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆவணி வெக்கையில் அயலட்டைச் சனம் வந்து அவரில் முதுகைச் சாய்த்துக் குளிர்ந்துவிட்டுப் போகும். செல்வமலரும் வருவாள்; ஆனால் சாய்வதில்லை, வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரு கட்டுக் கீரையை வைத்துவிட்டுப் போவாள். நிரோசினி கலியாணத்தன்று மாப்பிள்ளையோடு வந்து காலில் விழுந்தாள். மாப்பிள்ளையின் நெற்றி காலில் பட்டு வீங்கியது. படத்தில் அது பொட்டு மாதிரித்தான் தெரிகிறது.

மூன்று வருடம் முடிந்துவிட்டது. இன்னும் இருபத்தேழு இருக்கிறது, குகனேஸ்வரிக்கு ஐம்பது வயது. ஐந்தில் மூன்று போய்விட்டது என்று ஒரேத்தோ முழுக்கத் தெரியும், எவையெவை என்று ஆருக்கும் தெரியாது. கண் திறந்துதான் இருக்கிறது. குற்றியில் இருக்கிற தலைகளுக்கெல்லாம் கண் திறந்துதான் இருக்கும். அதனால் அவள் வேலையால் வந்ததும் ஐந்தையும் செய்கிறாள். விளக்கைப் போட்டு அவருடைய முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பிடிக்கிறாள். பஸ்ஸில் கண்டதையும் சிஞ்ஞோரா திட்டியதையும் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். பொரித்த மிளகாயை மூக்கடியில் காட்டுகிறாள். சொண்டில் ஒரு சொட்டுப் பிளேன்ரீ வைக்கிறாள். முதுகில் உள்ளங்கையை வைத்து, அந்த இடம் சூடாகும்வரை எடுக்காமல் இருக்கிறாள். இவற்றில் இரண்டு அவரிடம் போய்ச் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதன் பிறகு சோற்றுக்கு அரிசி போடுகிறாள்.