ரெண்டு சாயப்பட்டறையும் ஒரு டிக்கெட்டும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாவிட்டால் குண்டடத்தில் மாமனார் வீட்டுக் கிடா விருந்தில், சொந்தபந்தம் மொத்தமும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது மச்சினன் தமிழ்செல்வனை அப்படி வாரியிருப்பேனா?

அவன் கோயமுத்தூரில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் இருக்கிறான். மற்ற கம்பெனிகளோடு கூட்டுப் பேசி, ஒரே டிக்கெட்டில் பயணிகளை இந்த விமானத்திலிருந்து அந்த விமானத்துக்கு மாற்றி அனுப்புவது அவன் வேலை. உலகத்தில் பெரிய கம்பெனிகளெல்லாம் கூட்டணி கூட்டணியாகச் சேர்ந்திருக்கின்றனவாம். அதில் ஒரு கூட்டணி இவர்களையும் கூப்பிட்டதாம். இவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

“பெரிய எடத்துச் சம்பந்தம் ஊடு தேடி வந்தும் வேண்டாம்ங்கறவனை இப்பத்தான் மாப்ள பார்க்கறேன்” என்றேன். பந்தியே சிரித்தது.

அவன் முகம் சிவந்தது. ஆனாலும் நிதானமாகத்தான் பேசினான். “சேர்ந்தா அவங்க கம்ப்யூட்டரு, அவங்க சட்டம், எல்லாத்துக்கும் நாமதானுங்க மாமா செலவு பண்ணோணும். அப்பறம் அந்தக் கூட்டணிக்கு ஆகாதவங்களோட நெனச்சபடி கூட்டு வெச்சுக்க முடியாதுங்க. நாங்க ஓட்டறதே நாலஞ்சு ப்ளேனு. எந்த ஊருக்கு எவங்க தோதோ, அவங்களோட கூட்டு. அது போதுமுங்க.”

“முடியாதவன் சொல்ற சாக்கு” என்றுவிட்டு ரசம் கேட்டேன்.

நான் திருப்பூரில் குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்கிறவன். எங்களிடம் வாங்கும் ஜெர்மன்காரப் பையர் அடுத்த சீசனுக்கான சாம்பிள்களை ஒரே நாள் காலையில் மேஜையில் பரப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்வார். அன்றைக்கு நம் துணி மேஜையில் இல்லையென்றால் அந்த சீசன் போச்சு. தையல் மெஷின்கள் சும்மா கிடக்கும். இந்த முறை ஒரு சாயப்பட்டறையில் கேட்ட நிறம் வராமல் ஷேடு தப்பி, இன்னொரு பட்டறைக்கு ஓடி, சாம்பிள் கைக்கு வரும்போது கூரியருக்கு நேரம் இல்லை. பெட்டியோடு, ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் ராஜ்கமலையே அனுப்பினேன். வேறு எதிலும் சீட்டு இல்லாததால், மச்சினன் கம்பெனி டிக்கெட். வளைகுடா வரைக்கும் அவர்கள் விமானம், அதற்கு மேல் ஒரு பெரிய கம்பெனி விமானம்.

விடிந்தால் சாம்பிள் பரப்பியாக வேண்டும். மதியம் பேக்கிங் மேஜை பக்கம் நிற்கும்போது வளைகுடா ஏர்போர்ட்டிலிருந்து ராஜ்கமல் கூப்பிட்டான். அவன் விருதுநகர்ப் பக்கத்துப் பையன், லேசில் பதற மாட்டான். அன்றைக்குக் குரல் நடுங்கியது.

“சார், அடுத்த ப்ளைட்டு கேன்சல்னுட்டாங்க. அவங்க கூட்டணி ப்ளைட்டு எதுலயும் நாளைக்கு ராத்திரி வரைக்கும் எடமில்லையாம். பெட்டி வேற உள்ள போயிருச்சு. என்ன செய்யன்னே தெரியல சார்.”

வேறு வழியில்லாமல் தமிழ்செல்வனுக்குப் போன் போட்டேன். நாலு வார்த்தை குத்துவான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவனோ டிக்கெட் நம்பரை மட்டும் கேட்டான்.

“லைன்லயே இருங்க மாமா.”

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. யாரோடோ இங்கிலீஷில் பேசினான். நான் ஒரு பிஞ்சுச் சட்டையின் பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“ஆயிருச்சுங்க மாமா. எதிர்க் கூட்டணிக் கம்பெனி ஒண்ணு இருக்குதுங்க, அவங்க ப்ளேனு இன்னிக்குச் சாயங்காலமே கெளம்புது. அதுல சீட்டு போட்டாச்சுங்க. பெட்டிக்கும் டேக் மாத்தச் சொல்லிட்டேன்.”

“அவங்களுக்கும் இவங்களுக்கும் ஆகாதுன்னயே?”

“அவங்களுக்குள்ளதானுங்க ஆகாது. நமக்கு ரெண்டு பேரும் வேணுமுங்க. நீங்க ரெண்டு சாயப்பட்டறைல வேலை குடுக்கறதில்லீங்களா, அப்படித்தான்.”

போன வருஷம் ஒரு பெரிய குரூப் என்னைத் தங்களோடு சேரச் சொன்னது. சேர்ந்தால் சாயம், பிரிண்டிங், நூல் எல்லாம் அவர்கள் மில்லிலேயே. ஒரு நாள் அவர்கள் மில்லில் தண்ணீர் நின்றால் என் கம்பெனியும் நிற்குமே என்று மறுத்துவிட்டு, அதையும் குண்டடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னவன் நான். நான் செய்தால் புத்திசாலித்தனம், அவன் கம்பெனி செய்தால் சாக்கு!

மறுநாள் மதியம் ராஜ்கமல் போட்டோ அனுப்பினான். நீள மேஜையில் எங்கள் சட்டைகள். பையர் நிறையவே எடுத்து வைத்திருந்தார். அப்பாடா என்று அங்கிருந்த நூல் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை. உடனே தமிழ்செல்வனைக் கூப்பிட்டேன்.

“மாப்ள, ஊட்டுல அடுத்த கிடா விருந்து எப்ப?”

“ஏனுங்க மாமா?”

“பந்தியில சொன்னதைப் பந்தியிலதான திருப்பி எடுக்கோணும்.”

சிரித்தான். “வாங்க மாமா. உங்களுக்கு ரசம் நானே ஊத்தறனுங்க.”