வாடை நின்றால் அடுத்த சூடு

மூக்கருக்கு மூக்கு போன சங்கதி அந்தத் தெருவுக்கு இன்றுவரை தெரியாது. எந்த வீட்டில் யார் கோபமாகக் கதவைச் சாத்தினார்கள், எந்த வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தது, அதில் யார் படுக்கவில்லை என்பதெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் தெரு, இதை மட்டும் கோட்டைவிட்டது. போனது கால் என்றால் நொண்டியிருப்பார். கண் என்றால் முட்டிக்கொண்டிருப்பார். மூக்கோ இருந்த இடத்தில் பத்திரமாக, எப்போதும்போல முகத்துக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

தெருக்கோடியில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கடை வைத்திருக்கிறார். கார்களின் புகைக்குழாய்க்கும் சைலன்சருக்கும் சூடு தாங்கும் பூச்சு அடிக்கிற கடை. மூக்கர் அங்கே வந்து சேர்ந்தது அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபோது. 'தங்கச்சி புருஷனாச்சே, தள்ளவா முடியும்?' என்று தெரு அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதியது அவருடைய மூக்கு.

கடையில் மூன்று தினுசு பூச்சு. எஞ்சினை ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்புக் குழாய்க்குச் செராமிக், நடுக்குழாய்க்குக் கறுப்பு, வால் பக்கத்துச் சைலன்சருக்கு வெள்ளி. இது பொது விதி. ஆனால் எஞ்சினுக்கு எஞ்சின் குணம் மாறும். சிலது எண்ணெயைக் குடிக்கும், சிலது பெட்ரோலைப் பாதி வேகாமல் துப்பும். துப்பினது குழாய்க்குள் வந்து எரியும். கழற்றிக் கொண்டுவந்த குழாயை மூக்கர் முகத்துக்கு நேரே தூக்கி ஒரு இழுப்பு இழுப்பார். "இது பெட்ரோல் துப்புற வண்டி. கறுப்பு நிக்காது, செராமிக்தான்" என்பார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பூச்சு புதுப்பெண் மாதிரி இருக்கும்.

"எல்லாருக்கும் செராமிக்கையே அடிச்சு விட்டா என்ன மாப்ளே?" என்று மச்சான் ஒருநாள் ஆசையாகக் கேட்டார்.

"வால் சைலன்சருக்குச் செராமிக்கா? ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு குளிக்கிற மாதிரி மச்சான்."

ஓவனும் மூக்கர் கையில்தான். அடித்த பூச்சை மூன்று படியாகச் சூடேற்ற வேண்டும். முதல் சூட்டில் பூச்சைக் கரைக்கச் சேர்த்த தின்னர் ஆவியாகி, ஓவன் கதவில் உள்ள துவாரம் வழியாக வாடையாக வெளியேறும். முழுதும் போவதற்குள் அடுத்த சூட்டுக்கு ஏற்றினால் உள்ளே மிச்சமிருப்பது கொதித்து, பூச்சு கொப்புளம் போட்டு உரியும். மற்ற கடைகளில் மணி பார்ப்பார்கள். மூக்கர் துவாரத்தருகே குனிவார். வாடை இருந்தால் காத்திருப்பார். வாடை நின்றால் அடுத்த சூடு. அந்தப் பெருமையில் மச்சான் சுவர்க் கடிகாரத்தையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "எங்க மாப்பிள்ளை மூக்கு இருக்க, மணி எதுக்கு?" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தங்கச்சி புருஷன் மூக்கரானது இப்படித்தான். மூக்கை எடுத்துவிட்டால் மிச்சம் தங்கச்சி புருஷன்தான்.

நாலு நாள் காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது எதையோ எடுத்துக்கொண்டு போனது மூக்கருக்கே தெரியவில்லை. சாப்பாடு காகிதம் மாதிரி இருந்தது. காய்ச்சல் நாக்கு என்று நினைத்தார். ஓவன் முன்னால் குனிந்தார். வாடை இல்லை. சரி, ஆகிவிட்டது என்று சூட்டை ஏற்றினார். அடுத்த படிக்கும் வாடை சீக்கிரமே நின்றது.

"இப்பல்லாம் வேலை பறக்குது மாப்ளே!" என்றார் மச்சான்.

"புது டின் பூச்சு நல்லா இருக்கு போல" என்றார் மூக்கர், நிஜமாகவே நம்பி.

உண்மை வெளிவந்தது வீட்டு அடுப்படியில். அவர் அடுப்பின் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துணி காயப்போடப் போன மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"பால் கருகி வீடே நாறுது! பக்கத்துல உக்காந்துகிட்டு என்ன, தவமா?"

அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். அடியில் கறுப்பாக இருந்தது. "பாக்கும்போதுதான் தெரியுது" என்றார்.

அவள் சோப்பை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாள். இல்லையென்று தலையாட்டினார். வெங்காயத்தை நறுக்கி நீட்டினாள். கடைசியில் அவருடைய வேலைச் சட்டையையே நீட்டினாள். தின்னர் வாடைக்காக அவள் தினமும் திண்டாடித் துவைக்கிற சட்டை.

"இதுகூடவா?"

"இதுகூட."

"எப்பலேருந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்னு நினைக்கிறேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல டார்ச் எதற்கு என்று மனைவி படியிறங்கும்போது முணுமுணுத்தாள். மூக்கர் தனக்குப் பயம் வரும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தார். வரவில்லை. துக்கமும் வரவில்லை. இரண்டு பஸ் போனது, ஒரு மரம் வந்தது, வீடு வந்தது.

அதே வாரம் பழைய வேலைகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்று உரிந்து, ஒன்று கொப்புளம் போட்டு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, மச்சான் நேரே பூச்சு டின் கொண்டுவருகிறவரைப் பிடித்தார். "கலப்படமாய்யா பண்றே? எங்க மாப்பிள்ளை மூக்கை ஏமாத்த முடியுமா?" என்று கடைவாசலில் வைத்து நாறடித்தார். டின்காரர் மூக்கரைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதுபோல. மூக்கர் ஓவன் கதவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டின்காரர் அதற்கப்புறம் வரவில்லை.

வந்தது டாக்சிக்காரம்மா. சொந்த வண்டி, சொந்த வாய். இரண்டு தடவை பூச்சு உரிந்த வார்ப்பிரும்பை மேஜைமேல் தொம்மென்று போட்டாள்.

"மூணாவது தடவைண்ணே. இதுவும் உரிஞ்சா, கடையை உரிச்சிட்டுப் போயிடுவேன். என்ன பூச்சுன்னு நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க."

மூக்கர் தூக்கினார். வழக்கம்போல ஒரு இழுப்பு. வெறும் காற்று.

"சுத்தமா இருக்கும்மா. துப்புற எஞ்சின் இல்ல. கறுப்பே போதும், இன்னிக்கே அடிச்சிடலாம்."

அவள் முகம் மலர்ந்தது. "பரவால்லையே! ரெண்டு நாளா மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டேன், துரு போகட்டும்னு. கார் டிக்கியைத் திறக்க முடியல, அந்த நாத்தம். உங்களுக்கே சுத்தமா தெரியுதுன்னா சரிதான்."

கல்லாவில் இருந்த மச்சான் அவள் உள்ளே வரும்போதே மூக்கைச் சுளித்திருந்தார். இப்போது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மூக்கரைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், மறுபடி மூக்கரைப் பார்த்தார். மண்ணெண்ணெயில் ஊறிய வார்ப்பிரும்புக்கு மேல் பூச்சு அடித்தால் ஒரு நாள்கூட நிற்காது என்பது கடை கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும்.

"அவருக்கு இன்னிக்கு ஜலதோஷம்மா" என்றார். "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க."

அவள் போனதும் மச்சான் மூக்கர் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"அந்த டின்காரனை நான் என்னென்ன சொன்னேன்."

"ம்."

"நீ இங்கதானே நின்னே?"

"நின்னேன் மச்சான்."

மச்சான் கத்துவார் என்று மூக்கர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் ஏதாவது சுரணை வந்திருக்குமோ என்னவோ. மச்சான் மெதுவாகத்தான் சொன்னார்: "நாளையிலேருந்து நீ மணல் அடிக்கிற பக்கம் இரு. ஓவனை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை சுவர்க் கடிகாரம் பழைய ஆணிக்கே திரும்பி வந்தது. மூக்கர் முகமூடி போட்டுக்கொண்டு கூண்டுக்குள் மணலைப் பீய்ச்சித் துரு உரித்தார். 'பாவம், மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பாகப்பிரிவினை' என்று எதிர்வீட்டு ஜன்னல் பக்கத்து ஜன்னலுக்குச் சொன்னது.

டாக்சிக்காரம்மா வந்தாள். இந்தத் தடவை முழு வேலையையும் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எந்த டின்னைத் திறப்பது என்று மச்சான் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் மூக்கு இருந்தது. ஆனால் அதற்கு நாற்றம், நாற்றமில்லை என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும்.

மூக்கர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு கூண்டிலிருந்து வந்தார். "ஏம்மா, உங்க வண்டி புகை என்ன நிறம்?"

"கறுப்பு. பின்னாடி வர்றவன் திட்டிட்டேதான் வருவான்."

"பெட்ரோல் நிறைய குடிக்குதா?"

"நான் தண்ணி குடிக்கிறதைவிட."

"நேத்து தப்பாச் சொல்லிட்டேன். துப்புற எஞ்சின்தான், செராமிக் போடுங்க மச்சான். அதுக்கு முன்னாடி வெறும் இரும்பை ஒரு தடவை சுட்டு மண்ணெண்ணெயை வெளிய எடுத்திடணும்."

இவ்வளவு நாள் வாயால் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

வெறும் இரும்பைச் சுட்டார்கள், மணல் அடித்தார்கள், செராமிக் அடித்து ஓவனில் வைத்தார்கள். அரை மணி ஆனதும் மச்சான் கடிகாரத்தைப் பார்த்து, சூட்டுத் திருகில் கை வைத்தார். பழக்க தோஷத்தில் மூக்கரும் துவாரத்தருகே போய்க் குனிந்திருந்தார். வாடை இல்லை. ஆனால் கண் எரிந்தது; இத்தனை நாளும் வாடையை மட்டும் தேடி உடனே நிமிர்ந்துவிட்டதில் கவனிக்காமல் விட்ட எரிச்சல். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் கொட்டியது.

"ஏத்தாதீங்க மச்சான். உள்ள இன்னும் இருக்கு."

"மணி ஆயிடுச்சே. உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு எரியுது."

மச்சானும் குனிந்தார், இருமிக்கொண்டே பின்வாங்கினார். திருகிலிருந்து கையை எடுத்தார். மூக்கர் நகரவில்லை. நீர் முகத்தில் வழிந்து அந்தப் பெரிய மூக்கின் நுனியில் சேர்ந்து சொட்டியது. பதினோரு நிமிஷம் கழித்து எரிச்சல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஏத்தலாம்" என்றார்.

அந்த வார்ப்பிரும்பு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது, ஒரு செதில் உரியவில்லை. டின்காரர் மட்டும் கூப்பிட்டும் வரவில்லை. மச்சான் நேரில் போய்ப் பார்த்தார், அங்கே கதவு திறக்கவில்லை. டாக்சிக்காரம்மாவோ ஊரெல்லாம் மூக்கரின் மூக்கைப் புகழ்ந்துகொண்டு திரிகிறாள். மூக்கர் மறுக்கவில்லை, மறுக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

தெருவுக்குத்தான் புதுக் கவலை. கடைப் பக்கம் போகிறவர்கள் பார்க்கிறார்கள்: மூக்கர் தினமும் ஓவன் முன்னால் நின்று தாரை தாரையாகக் கண்ணீர் விடுகிறார். மனைவியோடு தகராறு என்கிறது ஒரு ஜன்னல். மச்சான் கொடுமை என்கிறது இன்னொன்று. ஊர் வாய்க்கு மூடி ஏது? மனைவி அந்தக் கேள்விகளை வாங்கிக்கொண்டு, 'அவர் மனசு இளகின மனசு' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

கடைக்குள்ளே மூக்கர் துவாரத்தருகே குனிந்திருப்பார். மச்சான் சூட்டுத் திருகின் பக்கத்தில் நிற்பார்.

"நின்னுடுச்சா மாப்ளே?"

"இன்னும் இல்ல மச்சான்" என்பார் மூக்கர், கண்ணைத் துடைக்காமல்.